மூழ்கிய ராஜாவின் அட்டைப்படம்

போன வாரம் திண்டிவனம் ஆபீசிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு கலைப்பிரிவில் சேர்ந்தவள். என்னை நேரில் பார்த்ததுகூட இல்லை.

"மேடம், ஒரு கேம் புக்குக்கு அட்டை செலக்ட் பண்ணணும். மெஷினையே வரைய வச்சி நாப்பது படம் எடுத்து வச்சிக்கினு உக்காந்திருக்கோம். எல்லாமே நல்லாத்தான் இருக்குது. எத வச்சி ஒண்ண எடுக்கறதுன்னு தெரியல" என்றாள்.

என்ன புத்தகம் என்று கேட்டேன். அந்தக் காலத்து ராஜாக்கள், கோட்டை, மந்திரவாதி, பூதம் என்றாள். தலைப்புக்கு இடம் இருக்கிறதா பார், படத்தைச் சிறியதாக்கிப் பார் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் நின்றேன், கை போகவில்லை.

அதே மாதிரியான ஒரு புத்தகத்துக்கு நாங்கள் அட்டை தேர்ந்தெடுத்த கதையை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. ஓய்வு பெற்ற அன்று நடந்த கூட்டத்தில் எல்லாரும் பழைய அனுபவம் சொல்லச் சொன்னார்கள். மொழி தெரியாமல் தலைப்பைத் தலைகீழாக வைத்த கதை, யானைக்கு ஆறு கால் போட்ட கதை என்று சிரிப்புக் கதைகளாகச் சொல்லி இறங்கிவிட்டேன்.

எனக்கு ஊர் விழுப்புரம். ஓவியத்தில் டிப்ளமோ முடித்து, அங்கேயே ஒரு ஆப்செட் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று சில வருஷம் ஓட்டினேன். பிறகு திண்டிவனத்தில் வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்று வந்தது. அதில் கலைப்பிரிவில் சேர்ந்தேன். அப்புறம் தினமும் ரயில்தான். முண்டியம்பாக்கத்தில் ஆஸ்பத்திரிக்காரர்கள் இறங்கினால் உட்கார இடம் கிடைக்கும். அப்படியே என் வேலைக்காலம் முழுக்கப் போயிற்று.

எங்கள் பிரிவின் தலைவர் தேவசகாயம் சார். ஒல்லியான மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். அட்டை வேலை வந்தால் முதலில் புத்தகத்தை முழுக்கப் படிப்பார். சமையல் புத்தகமானாலும் படிப்பார். படித்து முடித்ததும் படம் போடுகிறவரைக் கூப்பிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். படத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைச் சொல்லமாட்டார். படம் எதைப் பற்றியது என்பதை மட்டும் சொல்வார். அதற்கு மூன்று பென்சில் ஸ்கெட்ச் வரவேண்டும். வண்ணம் கூடாது. "கலர் வந்தா கண்ணு ஏமாந்துடும்" என்பார்.

மூன்றையும் புத்தக அளவில் ஒன்று, தபால்தலை அளவில் ஒன்று என்று பிரிண்ட் எடுப்போம். சின்னதைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிட்டு ஹாலின் மறுகோடியில் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். எங்களையும் கூட நிற்க வைப்பார்.

"கண்ணு மொதல்ல எங்க போச்சு?"

சொல்வோம்.

"ரெண்டாவது எங்க போச்சு?"

இதற்கு யாராவது யோசித்தால் அந்தப் படம் போயிற்று. அவரே போய்ப் பிய்த்து எடுத்துவிடுவார். நன்றாக இருக்கிறது என்று அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. பிடித்துவிட்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அதுதான் அடையாளம். அந்தக் கண்ணாடி பைக்குள் போவதற்காக நாங்கள் நாள்கணக்கில் காத்திருந்திருக்கிறோம்.

அப்போதுதான் அந்த விளையாட்டுப் புத்தகம் வந்தது. வெளிநாட்டில் நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்வார்களாம். ஒருவர் போர்வீரன், ஒருவர் சூனியக்காரி, ஒருவர் திருடன். ஒருவர் மட்டும் கதையை நடத்துவார். வெட்டு விழுந்ததா, தப்பித்தானா என்பதைத் தாயக்கட்டை உருட்டித் தீர்மானிப்பார்கள். அதற்கான விதிகள், வரைபடங்கள், பேய்பிசாசுகளின் விவரம் எல்லாம் அடங்கிய தடித்த புத்தகம். எங்களுக்குப் புரியவில்லை என்றதும் சார் சொன்னார்: "கூத்துதாம்மா. பாக்கறவங்க கெடையாது. எல்லாருமே ஆடறவங்க."

கதை இது: கடலோர ராஜ்ஜியம் ஒன்றைக் கடல் கொண்டுபோய்விடுகிறது. அதன் ராஜா சாகாமல் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறான். அமாவாசைக்கு அமாவாசை கரைக்கு வந்து ஆட்களைப் பிடித்துப்போகிறான். விளையாடுகிறவர்கள் கடைசியில் அவனைக் கொல்ல வேண்டும்.

எங்களிடம் உருவம் வரைவதில் கெட்டிக்காரன் மணிமாறன். மரக்காணம் பக்கம் கடலோரக் குப்பத்துப் பையன். திண்டிவனத்தில் அறை எடுத்துத் தங்கி, வாரக்கடைசியில் ஊருக்குப் போவான். அவன் அண்ணன் வேலாயுதம் முந்தின வருஷம் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. படகு கவிழ்ந்து, கூடப் போனவர்கள் காலி டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார்கள். இவர் மட்டும் வரவில்லை, உடலும் ஒதுங்கவில்லை. மணிமாறன் நீண்ட விடுப்பில் இருந்துவிட்டு வந்தான். வந்த பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணி தேவகி மட்டும் புருஷன் உயிரோடு இருக்கிறார் என்றே சொல்லிக்கொண்டிருந்தாளாம். வேறு நாட்டுக் கரையில் ஒதுங்கியிருப்பார், ஏதாவது ஜெயிலில் இருப்பார் என்று. ஊர்ப் பெரியவர்கள் கருமாதி செய்யச் சொன்னதற்கு, தாலியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவர்களை வாசலோடு அனுப்பிவிட்டாளாம். இதெல்லாம் அவன் ஊர்க்காரர் ஒருவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அதனால் சார் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். நானும் இருந்தேன்.

"மணி, கடல் சம்பந்தமான வேலை. வேற யாருக்காவது குடுத்துடட்டுமா?"

"வேணாம் சார். நானே பண்றேன்."

சார் தன் வாக்கியத்தைச் சொன்னார்: "கரைக்கு வரவும் முடியாம சாவவும் முடியாம கெடக்கறவன்."

மூன்று ஸ்கெட்ச் வந்தது. ஒன்று, பாறை மேல் கோட்டை, மேலே பறக்கும் நாகம். அது மாதிரி நூறு அட்டை பார்த்திருக்கிறோம். சார் பிய்த்துவிட்டார். இரண்டாவது, கரையில் நிற்கும் வீரர்கள், முதுகு மட்டும் தெரிகிறது; எதிரே கடல். அது பிழைத்தது. மூன்றாவது ஒரு முகம். மோவாய் வரை தண்ணீர், தலையில் உடைந்த கிரீடம், திறந்த கண். தபால்தலை அளவில் ஹாலின் மறுகோடியிலிருந்து பார்த்தபோதும் அந்தக் கண் நேராக எங்களிடம் வந்தது. யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

வண்ணப்படம் முடிந்தபோது பக்கத்து மேசைப் பெண் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். அந்தப் பார்வை தாங்கவில்லை என்றாள். தோல் ஊறி வெளுத்திருந்தது. தாடியில் சிப்பி ஒட்டியிருந்தது. ஒரு பக்கப் புருவத்தில் பழைய வெட்டுத் தழும்பு. கழுத்தில், தண்ணீருக்கு அடியில் மங்கலாக, ஒரு கறுப்புக் கயிறும் செப்புத் தாயத்தும்.

பதிப்பாளர் ஒரு பெண்மணி. படத்தைப் பார்த்துவிட்டு, தன் விளையாட்டு இவ்வளவு பயங்கரமானது என்று தனக்கே இப்போதுதான் தெரிகிறது என்று எழுதினார். ஒரே ஒரு திருத்தம் கேட்டார். ராஜாவுக்கு எதற்குக் கறுப்புக் கயிறு? தங்கச் சங்கிலியாக மாற்றலாமே என்றார். நியாயமான கேள்விதான். நான் மணிமாறனிடம் சொன்னேன்.

"அத மாத்த முடியாது மேடம்."

"ஏம்ப்பா? சின்ன வேலைதான?"

"கயிறு இருக்கட்டும் மேடம். வேணும்னா படத்தையே எடுத்துடுங்க."

அவன் இப்படி மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை. பதிப்பாளருக்கு, கயிறு இருந்தால்தான் அவனும் ஒரு காலத்தில் சாதாரண மனிதன் என்று தோன்றும் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து எழுதினேன். ஒப்புக்கொண்டார். அட்டை முடிவாயிற்று. முன்பக்கம், முதுகு, பின்பக்கம் எல்லாம் சேர்த்து எடுத்த பெரிய பிரிண்ட் என் மேசைக்கு மேலே சுவரில் தொங்கியது. அச்சுக்கு அனுப்புவதற்கு முன் சில நாள் அப்படித் தொங்கவிட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம்.

அப்படித் தொங்கிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு சனிக்கிழமை மதியம் தேவகி வந்தாள். மகளுக்குக் காதுவலி, திண்டிவனத்தில் டாக்டரிடம் காட்டிவிட்டு, மணிமாறனோடு ஊருக்குப் போகலாம் என்று வாசலில் வந்து நின்றிருந்தாள். அவன் ப்ரூஃப் எடுக்க மாடிக்குப் போயிருந்தான். வெயில் கொளுத்தியது. நான்தான் உள்ளே கூட்டிவந்து என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். நெற்றியில் பொட்டு, கழுத்தில் மஞ்சள் கயிறு. குழந்தைக்கு நாலு வயசு இருக்கும். காதில் பஞ்சு வைத்திருந்தது. தண்ணீர் எடுத்துவரத் திரும்பினேன்.

"அப்பா" என்றது குழந்தை.

நான் திரும்பியபோது அது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. "யம்மா, அப்பா ஏன் தண்ணிக்குள்ள கீறாரு?"

தேவகி எழுந்தாள். அழவில்லை, கத்தவில்லை. படத்துக்குப் பக்கத்தில் போய் அந்தப் புருவத் தழும்பின் மேல் விரலை வைத்தாள். அதை எடுக்காமலேயே என்னிடம் கேட்டாள்.

"இத யாருக்கா வரஞ்சது?"

எனக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியது. நான் வேலாயுதத்தைப் பார்த்ததில்லை. எங்கள் ஆபீசில் யாரும் பார்த்ததில்லை. மாடியிலிருந்து இறங்கி வந்த மணிமாறன் படிக்கட்டிலேயே நின்றுவிட்டான்.

"மணி, இன்னா இது?"

"அண்ணி, சும்மா ஒரு கதைப் படம் அண்ணி. கண்ண மூடுனா அண்ணன் மூஞ்சிதான் வருது. அதான் அப்டியே..."

"மூஞ்சி இருக்கட்டும். இந்தக் கயிறு?"

அவன் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

"அன்னிக்கி விடியக்காலைல கடலுக்குப் போவும்போது நான் கட்டி உட்டது இது. செவப்புக் கயிறு அறுந்துபோச்சின்னு கறுப்புக் கயிறுல கோத்துக் கட்டுனேன். நீ அன்னிக்கி இங்கதான இருந்த? உனக்கு எப்டித் தெரியும்?"

சார் தன் அறைக் கதவில் வந்து நின்றிருந்தார்.

மணிமாறன் படிக்கட்டிலேயே உட்கார்ந்தான். பிறகு சொன்னான். சேதி கேட்டு ஊருக்கு ஓடினான்; தேடப் போன படகுகளில் ஒன்றில் அவனும் சித்தப்பாவும் இருந்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் அண்ணன் மல்லாந்து மிதப்பதைப் பார்த்தான். கண் திறந்திருந்தது, கழுத்தில் அந்தக் கறுப்புக் கயிறு. அலை கடுமையாக இருந்தது. குனிந்து சட்டையைப் பிடித்தான். சட்டை கையோடு வந்துவிட்டது. இன்னொரு முறை பிடிப்பதற்குள் உடல் அமிழ்ந்துவிட்டது. இருட்டும்வரை சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். மேலே வரவில்லை.

"சித்தப்பாதான் சொல்ல வேணாம்னாரு அண்ணி. ஒடம்பு இல்லாம போயி சொன்னா அவ நம்ப மாட்டா, நம்புனா தாங்க மாட்டான்னாரு. நானும்... உங்க மூஞ்சியப் பாத்து சொல்ல முடியல அண்ணி."

"சட்ட எங்க?"

"கடல்லியே போட்டுட்டோம்."

தேவகி மெல்லத் திரும்பி என் நாற்காலியில் உட்கார்ந்தாள். குழந்தை அவள் மடியில் ஏறிக்கொண்டது. "ஒரு வருசமா" என்றாள். "தெனிக்கும் ரெண்டு வேளையும் கரையாண்ட போயி நின்னனே மணி. நீ பாத்துக்கினுதான இருந்த?"



தேவசகாயம் சார் வந்து சுவரிலிருந்த படத்தை ஊசி ஊசியாகக் கழற்றினார். "அம்மா, இந்தப் படம் வெளிய போவாது. நான் பாத்துக்கறேன்" என்றார். சுருட்டப் போனவரைத் தேவகி தடுத்தாள்.

"எனக்குக் குடுங்க சார். கடல்லேர்ந்து அவருதுன்னு சொல்லிக்க ஒரு துணிகூட வரல. எத வச்சி நான் காரியம் பண்ணுவேன்?"

சார் நீட்டினார். அவள் அதை என் மேசைமேல் விரித்துப் பார்த்தாள்.

"கிரீடம்லாம் வேணாம் மணி. அவரு ராஜா இல்ல. அத எடு. தாடியில ஒட்டிக்கினு இருக்கறதையும் எடு. கண்ண மூடிடு."

மணிமாறன் கணினி முன்னால் உட்கார்ந்தான். கிரீடத்தை எடுத்தான். சிப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்தான். அதுவரை கை நன்றாகத்தான் ஓடியது. கண்ணுக்கு வந்ததும் பேனாவைக் கணினிப் பலகையில் வைத்தான். கோடு இழுக்க முடியவில்லை. வைத்தான், எடுத்தான். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சுவர்ப் பக்கம் போய் நின்றுகொண்டான்.

நான் உட்கார்ந்தேன். விழுப்புரம் அச்சகத்தில், கண் மூடியிருந்த போட்டோக்களை அஞ்சலிப் போஸ்டருக்காகத் திறந்து கொடுத்திருக்கிறேன். மூடியது இல்லை. இமை என்பது நேராக இறங்கும் திரை அல்ல. கீழே விழியின் உருண்டை இருக்கிறது. அதன்மேல் வளைந்துதான் இறங்க வேண்டும். வளைவு தப்பினால் முகம் வேறு யாருடையதாகவோ ஆகிவிடும். தேவகி என் தோளுக்குப் பின்னால் நின்றாள். அவள் மூச்சு என் காதில் பட்டது.

"இன்னும் கொஞ்சம்க்கா."

இறக்கினேன்.

"எடது பக்கம் இன்னும் தொறந்திருக்குது."

அதையும் இறக்கினேன். ஒரு மனிதரின் முகத்தில் பெற்றவர்களோ பிள்ளைகளோ செய்ய வேண்டிய காரியம் அது. யாரென்றே தெரியாத நான் செய்துகொண்டிருந்தேன்.

"போதும்" என்றாள்.

பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். புடவைத் தலைப்பால் அதைப் போர்த்தி எடுத்துக்கொண்டு, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். மணிமாறன் அவளுக்குப் பின்னால் பத்தடி தள்ளி நடந்தான்.

அந்த வாரமே காரியம் நடந்தது. நானும் சாரும் போயிருந்தோம். வைக்கோலில் உருவம் கட்டி, வேட்டி சுற்றி, முகத்தில் அந்தப் படத்தை வைத்திருந்தார்கள். மணிமாறன்தான் கொள்ளி வைத்தான். சித்தப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். காகிதம் முதலில் சுருண்டு கறுத்தது. தேவகி கழுத்தில் கயிறு இல்லாமல் பெண்களுக்கு நடுவில் இருந்தாள். எங்களைப் பார்த்துக் கும்பிட்டாள்.

ஆபீசில் நடந்தது வேறு. படத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்று சார் பதிப்பாளருக்கு எழுதினார். அந்தம்மா வருந்தித்தான் பதில் போட்டார். ஆனால் அந்த முகத்தைக் காட்டி விளம்பரம் போய்விட்டது, வாசகர்கள் அதற்காகவே காத்திருக்கிறார்கள், மூக்கையும் புருவத்தையும் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தால் போதும் என்றார். எங்கள் நிர்வாகமும் அதையே சொன்னது. "யாருக்கு சார் அடையாளம் தெரியப்போவுது?" என்று மேலதிகாரி ஒருவர் எங்கள் ஹாலில் நின்றே கேட்டார்.

சார் குரலை உயர்த்தவில்லை. "மூக்க மாத்துனாலும் அது அவருதான் சார். காசு குடுத்து வாங்கறவங்க அந்த ஆளக் கொல்லப்போறாங்க. விளையாட்டா இருந்தாலும், அவருக்கு ஒரு சாவு போதும்."

இரண்டாவது ஸ்கெட்ச்சை, அதுதான் கரையில் முதுகு காட்டி நிற்கும் வீரர்களை, வண்ணம் போட்டு அனுப்பினோம். புத்தகம் அந்த அட்டையோடுதான் வந்தது. பிரமாதமில்லை. அந்தப் பதிப்பாளர் அதன்பிறகு எங்களிடம் வரவில்லை. தேவசகாயம் சாரை எழுத்துப்பிழை பார்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். அவர் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். முதல் நாள் போய் அவரைப் பார்த்தேன். "நல்லா பண்ணும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்தைப் படிக்கத் தொடங்கினார்.

மணிமாறன் வேலையை விடவில்லை. ஆனால் உருவப்படம் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டான். வரைபடம் கொடுங்கள், எழுத்து வேலை கொடுங்கள், எது வேண்டுமானாலும் செய்கிறேன் என்றான். நானும் கேட்டு வற்புறுத்தவில்லை. திண்டிவனம் அறையைக் காலி செய்துவிட்டு, தினமும் குப்பத்திலிருந்தே வந்து போனான். வீட்டுக்கு ஆண் துணை அவன்தான். அண்ணன் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் அவன்தான்.

நான் ஓய்வு பெறும் வாரத்தில் மேசையைக் காலி செய்ய அவன் உதவினான். பழைய பிரிண்டுகளைக் கட்டு கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தோம். அத்தனை வருஷமாகக் கேட்காததை அன்றைக்குக் கேட்டேன்.

"அண்ணி உங்கிட்ட பேசறாங்களா மணி?"

அவன் கயிற்றை முடிச்சுப் போட்டு, இறுக்கி, மிச்சத்தைப் பல்லால் கடித்து அறுத்தான்.

"சோறு போடறாங்க மேடம்" என்றான்.